‘ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்

இலங்கையின் மலையகத்தில் எந்த ஆதார வைத்தியசாலைக்குப் போனாலும், வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய பெண்ணாக இருப்பார். கையில் சுருட்டிப் பிடித்த ஈ.சீ.ஜி. தாள். பக்கத்தில் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்த கணவனோ, பாடசாலைக்குப் போகாமல் துணைக்கு வந்த மகளோ. நெஞ்சு படபடத்தது, மூச்சு அடைத்தது, கைவிரல் மரத்துப்போனது, உயிர் போய்விடும் என்று நினைத்தேன் என்று உள்ளே சொல்லியிருப்பார். ஈ.சீ.ஜி. சரியாக இருக்கும். பிரஷர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். “உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா, பயப்படாமல் போங்கள்” என்று விட்டமினும் காஸ்ட்ரிக் மாத்திரையும் எழுதிய துண்டைக் கொடுத்து அனுப்புவார்கள். சில வாரங்களில் அவர் திரும்பி வருவார். அல்லது வராமல், கோவில் பூசாரியிடம் கயிறு கட்டிக்கொள்ளப் போவார்.

என் அக்கா அந்த வாங்கில் பல தடவை உட்கார்ந்தவர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அவருடைய நோய்க்கு ஒரு பெயர் உண்டு, அது அளவுமீறிய பயமும் கலக்கமும் உண்டாகும் பதகளிப்பு நோய்களில் ஒன்றான பீதிக் கோளாறு என்று ஒருவர் எங்களுக்கு எடுத்துச் சொல்வதற்குள் காலம் மிகவும் கடந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒரு விடயம் எனக்கு உறுதிப்பட்டது. இந்த நோயில் நோயாளிக்குப் புரியும்படி விளக்கிச் சொல்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். நம்முடைய மக்களுக்குக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் அதுதான்.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹில்சைட் வைத்தியசாலையில் டொனால்ட் கிளைன் என்ற மனநல வைத்தியர் இமிப்ரமின் என்ற புதிய மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திடீரென்று எழுந்து, “செத்துவிடப் போகிறேன்” என்று தாதியர் இருக்கும் இடத்துக்கு ஓடிவருகிறவர்கள் அவர்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, நோயாளி எந்த மாற்றமும் இல்லை என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பெரிய மாற்றம் தெரியவில்லை என்றார்கள். விடுதியில் வேலைசெய்த தாதிதான் ஒன்றைக் கவனித்திருந்தார்: அந்த நோயாளி இப்போதெல்லாம் ஓடிவருவதில்லை. திடீர்ப் பீதித் தாக்கம் நின்றுபோயிருந்தது. ஆனால் ‘இன்னொன்று வந்துவிடுமோ’ என்ற பயம் அப்படியே இருந்ததால், தான் குணமடைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. திடீர்த் தாக்கம் வேறு, அதை எதிர்பார்த்துக் கலங்கிக்கொண்டிருப்பது வேறு என்ற பிரிப்புக்கு அங்கிருந்துதான் வழி பிறந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் தன் மூன்றாம் பதிப்பில் பீதிக் கோளாறைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

இதை வாசித்தபோது எனக்கு அக்காவின் நாட்கள் விளங்கின. அவருக்குத் தாக்கம் வந்தால் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தணிந்துவிடும். அவரைத் தின்றது மிச்சமிருந்த பொழுதுதான். தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குத் தனியாகப் போகமாட்டார். கூட்டத்தில் இருக்கமாட்டார். ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் கதவுக்குப் பக்கத்து ஆசனம் வேண்டும். வீட்டில் நாங்கள் அதை அவருடைய சுபாவம் என்றே எடுத்துக்கொண்டோம்.

மூளையில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்கிறவரை நம்பவேண்டாம் என்பேன். வழக்கமாகச் சொல்லப்படுவது, மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி பயத்தின் இருப்பிடம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2013இல் வெளியான அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று அந்தச் சித்திரத்தைக் குலைத்தது. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அபூர்வமான ஒரு பரம்பரை நோயால் இரு பக்கத்து அமிக்டலாவும் அழிந்துவிட்டிருந்தன. பாம்பைக் கையில் பிடிப்பார். பேய்ப் படம் பார்த்தாலும் அசையமாட்டார். அவரையும் அதே நிலையிலிருந்த வேறு இருவரையும் 35 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். மூவருக்கும் பீதித் தாக்கம் வந்தது. வெளியிலிருந்து எதுவும் பயமுறுத்த முடியாத ஒரு மனிதரை, மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்குள்ளிருந்து எழுந்த செய்தி நடுங்கவைத்துவிட்டது.

அதே வாயுவைச் சாதாரண மனிதர் இழுத்தால் ஓர் அசௌகரியம் ஏற்பட்டு அடங்கிவிடும். பீதிக் கோளாறு உள்ளவர்களிலோ பலருக்கு முழுத் தாக்கமே வந்துவிடுகிறது. மூளையில் மூச்சுத் திணறலைக் கண்காணிக்கும் ஏற்பாடு சிலருக்கு அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கலாம், ஒட்சிசன் போதுமான அளவு இருக்கும்போதே அது அபாய அறிவிப்பு விடுக்கலாம் என்று கிளைன் 1993இல் எழுதினார். எல்லா நோயாளிகளையும் இது விளக்கிவிடாது. இருந்தாலும் “மனத்தைத் திடமாக வைத்துக்கொள், எல்லாம் உன் நினைப்புத்தான்” என்று அக்காவுக்கு அறிவுரை சொன்ன அத்தனை பேருக்கும் அந்த ஆய்வைப் படித்துக் காட்டவேண்டும் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. விரல் மரத்துப்போவதும் நினைப்பல்ல. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, விரல்களும் உதடும் விறுவிறுக்கின்றன. எங்கள் பாடப் புத்தகத்து உடற்றொழிலியல்தான் இது.

மருந்துகளின் கதைக்கு வருகிறேன். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற இரசாயனவியலாளர் ரோஷ் நிறுவனத்தில் கண்டுபிடித்த, பதகளிப்பைத் தணிக்கும் லிப்ரியம் 1960இல் சந்தைக்கு வந்தது. 1963இல் வேலியம் என்ற பெயரில் டயசெபாம் வந்தது. இவை எப்படி வேலைசெய்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1977இல்தான் மூளையில் இவை போய்ப் பொருந்தும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. காபா என்ற இரசாயனம் நரம்புக் கலங்களின் கிளர்ச்சியைத் தணிப்பது. மலையிறக்கத்தில் பஸ்ஸுக்கு பிரேக் எப்படியோ மூளைக்கு அது அப்படி. காபா தன் வாங்கியில், அதாவது கலத்தில் அது பொருந்தும் இடத்தில், அமரும்போது குளோரைட்டு அயன்கள் கலத்துக்குள் நுழையும் வழி திறக்கிறது. டயசெபாம் அந்த வழியை அடிக்கடி திறக்கவைக்கிறது. அதனால்தான் மாத்திரை போட்ட சிறிது நேரத்திலேயே படபடப்பு அடங்குகிறது.

அந்த வேகமே அதன் ஆபத்தும். நாட்கள் போகப்போக மூளை அதற்குப் பழகிவிடுகிறது. நீண்ட காலம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் பதகளிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்பே வரலாம். லயத்தில் ஒருவருக்கு எழுதிய மாத்திரையில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது நம்மிடையே சாதாரணம். அன்பினால் செய்வதுதான். ஆனால் இந்த மாத்திரையை அப்படிக் கைமாற்றக் கூடாது. யாராவது கேட்டால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்று முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் சேட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மருந்துகள். நரம்புக் கலங்களுக்கு இடையில் வெளிவிடப்பட்ட செரடோனின் மீண்டும் உள்ளே இழுக்கப்படுவதை இவை தடுக்கின்றன. ‘செரடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது’ என்று ஒரு விளக்கம் எங்கும் புழங்குகிறது. எளிமையான விளக்கம், ஆனால் ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை. தடுப்பு வேலை சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. குணம் தெரியவோ வாரங்கள் ஆகின்றன. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மற்றவர்கள் தம்மை எடைபோடுவார்களே என்று அஞ்சும் சமூகப் பதகளிப்பு நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து 2015இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது: அவர்களுடைய அமிக்டலாவில் செரடோனின் உற்பத்தி மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மருந்து பயன் தருகிறது என்பதற்கு நல்ல சோதனைகள் ஏராளம். எந்த வழியாகத் தருகிறது என்பது இன்னும் தீராத கேள்வி.

அக்காவுக்கு இந்த வகை மருந்தைத்தான் முதலில் எழுதினார்கள். எழுதிய வைத்தியசாலையின் பெயர் இங்கே தேவையில்லை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது; சிற்றூழியர் ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்த்தார். ‘நெஞ்சுக்குள் ஏதோ ஏறிவருகிறது, கண்முன்னால் எல்லாம் தூரமாகப் போகிறது, பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது’ என்று அக்கா சொன்னதெல்லாம் நெஞ்சுவலி என்ற ஒன்றாகச் சுருங்கி அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்திலிருந்து இரவில் ஒன்று போடச் சொல்கிறார் என்று வந்தது. முதல் ஒன்றிரண்டு வாரங்களில் இந்த மருந்து படபடப்பைக் கொஞ்சம் கூட்டக்கூடும், பிறகு அடங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. அக்கா சில நாட்கள் போட்டார், படபடப்பு கூடியது, மாத்திரையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார். அவர்மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வராது. உயிர் போகிறது என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு, பயத்தைக் கூட்டும் மாத்திரையை ஒரு விளக்கமும் இல்லாமல் கொடுத்தால் வேறு என்ன செய்வார்?

இங்கேதான் உப்சாலாவின் இன்னொரு ஆய்வை முன்வைக்க விரும்புகிறேன். 2017இல் வெளியானது. சமூகப் பதகளிப்பு உள்ள 46 பேருக்கு ஒன்பது வாரங்கள் தினமும் 20 மில்லிகிராம் எஸ்சிடலோபிராம் கொடுத்தார்கள். ஒரு பாதியினருக்கு மருந்தின் உண்மையான பெயரும் பயனும் சொல்லப்பட்டன. மற்றப் பாதியினரிடம், இது பக்கவிளைவை மட்டும் தரும், நோயைக் குறைக்காது என்று எதிர்பார்க்கப்படும் ஒப்பீட்டு மருந்து என்று சொல்லப்பட்டது. இரு பாதியினரும் விழுங்கியது ஒரே மருந்து, ஒரே அளவு. உண்மை தெரிந்தவர்களில் 50 வீதத்தினருக்குத் தெளிவான குணம் தெரிந்தது. மற்றவர்களில் 14 வீதத்தினருக்கு மட்டுமே. மூளைப் படங்களிலும் இரு குழுவினருக்கும் வேறுபாடு காணப்பட்டது.

ஆய்வு சிறியது. ஏமாற்றிச் சொல்வதன் விளைவையும் சொல்லாமல் விடுவதன் விளைவையும் ஒன்றாக வைத்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரு எண்களையும் பார்த்தபோது, மொழி தெரியாத வைத்தியருக்கும் நேரமில்லாத மொழிபெயர்ப்பாளருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அக்காதான் நினைவுக்கு வந்தார். எத்தனை வருடங்களாக நம்முடைய மக்கள் பாதி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்!

பிறகு கிடைத்த வைத்தியர் தமிழ் பேசுகிறவர். அவர் அக்காவிடம் பேசியதை வீட்டில் அக்கா திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்கும் மனப்பாடம். “உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, பரிசோதித்துப் பார்த்துவிட்டோம். இரத்தமும் தைரொயிட்டும் பார்த்தோம். உங்களுக்கு வருவது உண்மையான நோய், நீங்கள் நடிக்கவில்லை. அதன் பெயர் பீதிக் கோளாறு. அது வரும்போது செத்துவிடுவோம் என்று தோன்றும்; அதனால் யாரும் சாவதில்லை. சில நிமிடங்களில் தானாக இறங்கும். இந்த மாத்திரை முதல் இரண்டு வாரம் கொஞ்சம் தொந்தரவு தரலாம், நிறுத்தவேண்டாம், என்னிடம் வாருங்கள்.” இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. இரத்தத்தையும் தைரொயிட்டையும் அவர் பார்த்தது சடங்குக்காக அல்ல. தோட்டங்களில் பெண்களுக்கு இரத்தசோகை பரவலாக இருக்கிறது, அதுவும் படபடப்பைத் தரும். முதல் தடவை நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஈ.சீ.ஜி. எடுத்தே ஆகவேண்டும். ‘இது அந்தப் பயம்தான்’ என்று வீட்டில் நாமே முடிவுகட்டக் கூடாது.

பேச்சுச் சிகிச்சையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த விளக்கத்தின்படி, உடம்பில் எழும் ஒரு சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாக வாசிப்பதில்தான் பீதியின் சுழல் தொடங்குகிறது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் ‘மாரடைப்பு’ என்று மனம் சொல்கிறது. அந்தப் பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. இதை ஒரு மலைநாட்டுத் தொழிலாளியின் நாளில் வைத்துப் பாருங்கள். காலையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறும் எவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், வியர்க்கும். தாக்கத்தின் அறிகுறிகளும் இவையேதான். அதனால் அக்கா மேல் மலைக்குப் போகப் பயந்தார். கங்காணியிடம் கெஞ்சிக் கீழ் மலை கேட்டார். அது கிடைக்காத நாட்களில் வீட்டில் இருந்தார்; அந்த நாளின் பேர், அதாவது வேலைப் பதிவு, போனது, சம்பளம் போனது. நகரத்து நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சையில் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், படிக்கட்டில் ஓடச் சொல்வார்கள். அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை ஆபத்தில்லாதவை என்று உடம்புக்கே கற்றுக்கொடுப்பதற்காக. எங்கள் வைத்தியர் மலையையே பாடமாக்கினார். முதலில் ஐந்தாறு வரிசை ஏறி நிற்பது, நெஞ்சு அடிப்பதைக் கவனிப்பது, உட்காராமல் இருப்பது. பிறகு இன்னும் கொஞ்சம்.

இந்த வழி எவ்வளவு தூரம் நிலைக்கும்? 2000ஆம் ஆண்டில் டேவிட் பார்லோவும் மற்றவர்களும் 312 பீதிக் கோளாறு நோயாளிகளை வைத்து வெளியிட்ட சோதனையில், இமிப்ரமினும் இந்தப் பயிற்சியும் தொடக்கத்தில் ஏறத்தாழச் சமமாகப் பயன் தந்தன. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுடைய முன்னேற்றம்தான் கூடுதலாக நிலைத்திருந்தது. பிள்ளைகளிடமோ இரண்டும் சேர்வது சிறந்தது என்று தெரிந்தது: 2008இல் வெளியான, பதகளிப்பு நோய்கள் உள்ள 488 பிள்ளைகள் பங்கெடுத்த ஒரு சோதனையில் சேட்ரலினும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களில் 80.7 வீதத்தினர் நன்கு தேறினார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைத்தவர்களில் 23.7 வீதம்.

நீண்ட காலத்தில் என்ன ஆகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் 12 வருடங்கள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஹார்வர்ட்–பிரவுண் ஆய்வில், வெளியே போக அஞ்சும் நிலை வரை முற்றாத பீதிக் கோளாறு உள்ளவர்கள் ஒரு கட்டத்தில் குணமடையும் வாய்ப்பு 82 வீதமாக இருந்தது. வெளியே போகவே அஞ்சத் தொடங்கியவர்களுக்கு அது 48 வீதம்தான். குணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பவும் வந்தது. அந்த 82க்கும் 48க்கும் இடையிலுள்ள தூரத்தை நான் ஓர் அவசரச் செய்தியாகவே வாசிக்கிறேன். பஸ்ஸில் ஏறப் பயப்படும் நிலைக்கு ஒருவர் போகும் முன்பே அவரைப் பிடிக்கவேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் கிளினிக்குக்குப் போவதற்கும் அந்த பஸ்தான்.

மாத்திரையை நிறுத்துவது பற்றியும் தெளிவான கணக்கு இருக்கிறது. 28 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான அறிக்கையின்படி, தேறிய பிறகு மருந்தைத் தொடர்ந்தவர்களில் 16.4 வீதத்தினருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 36.4 வீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை வைத்தியரோடு பேசித்தான் முடிவெடுக்கவேண்டும்.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு கஃபேனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிக அளவு கஃபேன் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாக்கம் வந்திருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. அங்கே கொடுத்த அளவு பல கோப்பைத் தேநீருக்குச் சமம், ஆகையால் ஒரு பிளேன்டீக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் விடியற்காலையில் வெறும் வயிற்றில் கடும் சாயம் குடித்துவிட்டு, மதியம் வரை வேறு எதுவும் சாப்பிடாமல் மலையில் நிற்பது இந்த நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. அக்கா சாயத்தைக் குறைத்து, கூடவே ஒரு துண்டு ரொட்டி சாப்பிடத் தொடங்கினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். எல்லாப் பயமும் நோயல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மலையகத்தில், ஐப்பசி மழை இரவில் தூங்காமல் விழித்திருக்கும் தாய்க்கு மாத்திரை எழுதுவது சிகிச்சை ஆகாது. அவருக்கு வேண்டியது பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு. மழை ஓய்ந்து, வெயில் வந்து, மாதங்கள் கடந்தும் உடம்பு அந்த இரவிலேயே நின்றுகொண்டிருந்தால் அப்போது அது வைத்தியத்துக்கு உரியது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

மனநல வைத்தியர்கள் போதாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை என்று காட்டிய ஆய்வு நமக்கு மிகப் பக்கத்தில், கோவாவில் நடந்தது. விக்ரம் பட்டேலும் குழுவினரும் 2010இல் வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் அமர்த்தினார்கள். மனச்சோர்வும் பதகளிப்பும் உள்ளவர்களுக்கு அவர்கள் செய்த முதல் வேலை, இது என்ன, ஏன் உடம்பில் இப்படித் தெரிகிறது என்று விளக்குவதுதான். அரச சிகிச்சை நிலையங்களில் ஆறு மாதத்தில் தேறியவர்கள் 65.9 வீதம், இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் 42.5 வீதம். தனியார் நிலையங்களில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை.

அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். லயம் லயமாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளை மடுவத்தில் தாய்மாரைத் தினமும் சந்திக்கிறவர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர். இவர்களுடைய பயிற்சியில் பதகளிப்பு நோய்க்கு ஒரு நாளாவது ஒதுக்கவேண்டும், தமிழில். வெளிநோயாளர் பிரிவில் மொழிபெயர்க்க நிற்கிறவருக்கும் அந்தப் பயிற்சி கிடைக்கவேண்டும், ஏனென்றால் நோயாளியின் சொல்லைச் சுருக்குவதும் சுருக்காமல் விடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. அதுவரை, வழி தெரியாமல் நிற்கிறவர்கள் தேசிய மனநல உதவி எண்ணான 1926ஐ அழைக்கலாம். வைத்தியரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: இந்த நோயின் பெயர் என்ன, இந்த மாத்திரை முதல் வாரங்களில் என்ன செய்யும், நான் எப்போது திரும்பி வரவேண்டும். பதில் புரியும் வரை கேளுங்கள்.